துரு நல்லது!

ஏற்காட்டு ஓடை மேல இரும்பும் மரமும் கைகோக்கிற ஒரு நடைபாலம்... சாத்தியமா பாஸ்?

வீட்டு கேட்டில் லேசாகத் துரு எட்டிப் பார்த்தாலே போதும், ‘பெயின்ட் வாங்கிட்டு வாடா’ன்னு அப்பா குரல் கொடுப்பார். ஆனா, ‘பெயின்ட்டே வேணாம். நல்லா துரு பிடிக்கட்டும். அப்பத்தான் நூறு வருஷம் தாங்கும்’னு ஒரு இன்ஜினீயர் சொன்னா? ஆளுக்கு மூளை குழம்பிடுச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. மலை, காடு, ஆற்றங்கரைன்னு இயற்கையான இடங்களில் நடைபாலம் கட்டுறவங்க உலகம் முழுக்க ஆசையா தேடிப் போற கூட்டணி இது. அடியில் துருப்பிடித்த இரும்பு, மேலே மரப்பலகை. பெயின்ட் கிடையாது, பளபளப்பு கிடையாது. காட்டுக்குள்ள ஒரு மரம் சாய்ஞ்சு கிடக்கிற மாதிரி அமைதியா கிடக்கும்.

நம்ம ஊர் மலைகளில்? ஏதாவது ஒரு டூரிஸ்ட் ஸ்பாட்டுக்குப் போய்ப் பாருங்க. சிமென்ட்டில் மரக்கட்டை மாதிரி கைப்பிடி செஞ்சு, அதுக்கு ப்ரவுன் பெயின்ட் அடிச்சு, நடுநடுவே கணு எல்லாம் வரைஞ்சு வெச்சிருப்பாங்க. சுத்தி ஆயிரம் நிஜ மரம் நிக்கும்போது நடுவில் ஒரு டூப்ளிகேட் மரம்! ரெண்டு மழைக்காலம் போனா பெயின்ட் உரிஞ்சு, சிமென்ட் விண்டு, உள்ளே இருக்கிற கம்பி பல்லிளிக்கும்.

ஸோ, நம்ம கேள்வி சிம்பிள். சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஓடுற ஒரு ஓடை மேல இந்தத் துரு இரும்பு - மரப் பாலம் கட்டினா நிக்குமா? நெட்டில் பார்த்த வெளிநாட்டு போட்டோவை அப்படியே கொண்டு வந்து இறக்கினா என்ன ஆகும்? ‘ஆமா’, ‘இல்லை’ன்னு ஒத்தை வார்த்தையில் பதில் கிடையாது. அதனாலதான் மேட்டர் சுவாரஸ்யம்.

எவர்சில்வருக்கு ஒண்ணுவிட்ட தம்பி!

ஏற்காட்டுக்கு ஏறுற ரோடு தொடங்குறது சேலத்தில். சேலம்னா மாம்பழத்துக்கு அப்புறம் ஞாபகம் வர்றது எவர்சில்வர். ‘செயில்’ நிறுவனத்தின் சேலம் உருக்காலை தயாரிக்கிறது துருவே பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் குறைஞ்சபட்சம் 10.5 சதவிகிதம் குரோமியம் இருக்கணும். அதனால விலையும் ஏறும்.

நம்ம கதாநாயகன் அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. பேரு ‘வெதரிங் ஸ்டீல்’. அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் கம்பெனி 1933-ல் ‘கார்-டென்’ங்கிற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்ததால, பட்டறைகளில் ‘கார்ட்டன்’னு சொன்னாதான் புரியும். இதில் குரோமியம் சுமார் ஒரு சதவிகிதம்தான். கூடவே அரை சதவிகிதத்துக்கும் குறைவா தாமிரம், கொஞ்சம் நிக்கல், துளி பாஸ்பரஸ். சமையலில் பெருங்காயம் போடுற மாதிரி... அளவு கம்மி, வேலை ஜாஸ்தி.

சாதாரண இரும்பில் பிடிக்கிற துரு, பஞ்சு மாதிரி. தண்ணியையும் காற்றையும் உள்ளே விடும். உதிரும். உதிர்ந்த இடத்தில் மறுபடி பிடிக்கும். கடைசியில் இரும்பு காலி. கார்ட்டனில் அப்படி இல்லை. மழையில் நனைஞ்சு, வெயிலில் காய்ஞ்சு, திரும்ப நனைஞ்சு, திரும்பக் காய்ஞ்சு... இப்படி மாறி மாறி நடக்கும்போது துருவே நெருக்கமான ஒரு படலமா இறுகிடும். முதலில் ஆரஞ்சு கலர். ரெண்டு மூணு வருஷத்தில் காப்பிக் கொட்டையை வறுத்த கலர். அதுக்கப்புறம் அந்தப் படலமே இரும்புக்குச் சட்டை. அரிப்பு சுத்தமா நிக்காது, ஆனா ஆமை வேகத்துக்கு இறங்கிடும். அதையும் கணக்கில் வெச்சுதான் டிசைன் பண்றாங்க. பிரிட்டன் விதிகளில் மிதமான சூழலில் இருக்கிற பாலத்துக்கு, 120 வருஷ ஆயுளுக்கு, வெளியே தெரியுற ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூடுதலா போடச் சொல்றாங்க. ‘இவ்வளவு துருவுக்கு மொய்’னு முன்னாடியே எடுத்து வெச்சிடறது!

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை’ன்னு நினைக்காதீங்க. டெல்லி குதுப்மினார் பக்கத்தில் ஏறக்குறைய 1600 வருஷமா வெட்டவெளியில் நிக்கிற இரும்புத் தூண் ஞாபகம் இருக்கா? சுமார் 7 மீட்டர் உயரம், 6 டன் எடை. அது ஏன் அரிச்சுப் போகலைன்னு ஆராய்ச்சி பண்ணியவர்களில் முக்கியமானவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது உருவாக்கிய மெல்லிய படலம்தான் தூணைக் காப்பாத்துதுன்னு அவர் விளக்கினார். ஆக, ‘துருவை வெச்சே துருவைத் தடுக்கிறது’ நம்ம ஊர் கொல்லர் கைக்குப் புதுசு இல்லை.

அட, நீங்களே இந்த இரும்புக்குள்ள உட்கார்ந்து பயணம் செஞ்சிருப்பீங்க. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். 2018 ஜனவரி வரை தயாரிச்ச பழைய டிசைன் ரயில் பெட்டிகளில் கார்ட்டன் தகடுதான் பின்னாளில் பயன்பட்டது. மேலே பெயின்ட் அடிச்சிருந்ததால நமக்குத் தெரியலை. அந்தப் பெட்டிகளில் எந்த இடம் முதலில் அரிக்கும் தெரியுமா? டாய்லெட் பக்கம்! எப்பவும் ஈரம், காயவே வாய்ப்பில்லை. இந்த ‘டாய்லெட் பாடத்தை’ மறந்துடாதீங்க, ஏற்காட்டுக்குப் போனதும் தேவைப்படும்.

சொதப்பிய ஹீரோ

கார்ட்டன் எல்லா ஊரிலும் ஹிட் இல்லை. சில இடங்களில் படு ஃப்ளாப்.

1964-ல் அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டர் கம்பெனியின் தலைமை அலுவலகத்தை ஈரோ சாரினென் டிசைனில் இந்த இரும்பை வெச்சுக் கட்டினாங்க. கட்டடக் கலைஞர்கள் மயங்கிட்டாங்க. அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க. அட்லாண்டாவில் 1972-ல் திறந்த ஆம்னி உள்விளையாட்டரங்கம், ஊரோட ஈரக் காற்றில் துருப்பிடிக்கிறதை நிறுத்தவே இல்லை. 1997-ல் இடிச்சுட்டாங்க. ஹவாயில் 1975-ல் திறந்த அலோஹா ஸ்டேடியம் கதையும் அதேதான். கடல் உப்புக் காற்றில் படலம் இறுகாம அரிச்சுக்கிட்டே போய், 2020 டிசம்பரில் ரசிகர்களை உள்ளே விடுறதையே நிறுத்த வேண்டியதாப் போச்சு. மிச்சிகன் மாநிலத்தில் பனியைக் கரைக்க ரோட்டில் உப்பு கொட்டுவாங்க. அந்த உப்புத் தண்ணி பாலத்தின் மூட்டுகளில் இறங்கி, பெயின்ட் அடிக்காத கார்ட்டன் பாலங்களே வேணாம்னு 1980 வாக்கில் அந்த மாநிலம் தடை போட்டுச்சு.

இன்னொரு பக்கம், மேற்கு வர்ஜீனியா மலைப்பள்ளத்தாக்கில் 1977-ல் திறந்த நியூ ரிவர் கார்ஜ் பாலம். 518 மீட்டர் ஒத்தை வளைவு, முழுக்க கார்ட்டன். பெயின்ட் இல்லாம இன்னிக்கும் கம்பீரமா நிக்குது. அவ்வளவு உயரத்தில் தொங்கிக்கிட்டு யார் பெயின்ட் அடிக்கிறது!

அதே இரும்பு. ஒரு இடத்தில் ஹீரோ, இன்னொரு இடத்தில் ஜீரோ. வித்தியாசம் ரெண்டே ரெண்டு: உப்பு இருக்கா? காய நேரம் கிடைக்குதா?

நம்ம மாநிலத்தையே எடுத்துக்கோங்க. 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருவை அழகு பார்க்கலை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சுன்னு துருவுக்கு எதிரா மொத்தப் படையையும் இறக்கியிருக்காங்க. அந்தக் கடல் அப்படி. பிரிட்டன் விதியும் கடலிலிருந்து 2 கிலோமீட்டருக்குள்ள கார்ட்டன் வேணாம்னுதான் சொல்லுது. ஸோ, மெரினா பக்கமும் கன்னியாகுமரி பக்கமும் இந்த ஐடியாவைக் கொண்டு போகாதீங்க.

ஏற்காடு பாஸா, ஃபெயிலா?

உப்பு விஷயத்தில் ஏற்காடு சென்டம்! ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். கடல் 150 கிலோமீட்டருக்கு அப்பால். ரோட்டில் உப்பு கொட்ட அவசியமே இல்லை.

மழையும் ஓகே. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ரெண்டும் எட்டிப் பார்க்கும். ஜனவரிக்கு அப்புறம் நல்லா காயும். நனையுறதும் காயுறதும் மாறி மாறி... கார்ட்டன் கேட்கிறதும் அதைத்தானே?

கலர்கூட மேட்ச். சேர்வராயன் மலை உச்சிகளில் பாக்ஸைட் இருக்கு. அங்கே மண்ணே செம்பு கலந்த சிவப்பு. துருப்பிடித்த பாலம் அந்த மண்ணோட பங்காளி மாதிரி இருக்கும். பாலத்தின் ரெண்டு முனையையும் தாங்குற சுவரைச் சிமென்ட்டில் கட்டினா, முதல் சில வருஷம் ஒழுகுற துருத் தண்ணி வெத்தலை எச்சில் மாதிரி கோடு போட்டுடும். ஆனா இந்த மலையோட பாறையே கருநீலச் சாம்பல் நிறத்தில் இருக்கிற சார்னோகைட். சென்னை பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கிற அதே வகைக் கல். அதில் கட்டினா கறை தெரியவே தெரியாது. உள்ளூர் கல், உள்ளூர் கலர்.

‘அப்போ பாஸ்தானே?’ன்னு கிளம்பிடாதீங்க. ஏற்காட்டுக்கு இன்னொரு முகம் இருக்கு. மூடுபனி!

நவம்பர், டிசம்பரில் ஏரிக்கரையில் காலையில் நின்னா பக்கத்தில் நிக்கிற ஃப்ரெண்டே தெரிய மாட்டான். அந்தப் பனி இரும்பு மேல ஈரத்தை ஒட்ட வெச்சுக்கிட்டே இருக்கும். திறந்த மேடா இருந்தா பத்து மணி வெயிலில் காய்ஞ்சுடும். ஆனா தோட்டத்துக்குள்ள? காப்பிச் செடிக்கு நிழல் வேணும்னுதான் சில்வர் ஓக் மாதிரி மரங்களை வளர்த்து வெச்சிருக்காங்க. காப்பிக்குப் பிடிச்ச அந்த நிழல் இந்த இரும்புக்குப் பிடிக்காது. அதுக்கு மேல சருகு. மரம் கொட்டுற இலை பாலத்தின் மூலை முடுக்கில் சேர்ந்து, மழைத் தண்ணியைக் குடிச்சு, மாசக்கணக்கில் ஈரமாவே கிடக்கும். ரயில் பெட்டி டாய்லெட் ஞாபகம் வருதா?

அப்புறம் ஓடை. பிரிட்டன் விதிப்படி தண்ணீர் மட்டத்துக்கும் கார்ட்டன் இரும்புக்கும் நடுவில் குறைஞ்சது 2.5 மீட்டர் இடைவெளி வேணும். தண்ணிக்கு ஒட்டின மாதிரி ‘க்யூட்’டா ஒரு பாலம் போட்டா, கீழேயிருந்து எழும்புற ஈரமே இரும்பைத் தின்னுடும். ஏரி வழிஞ்சு ஓடுற தண்ணி போய் விழுற கிளியூர் அருவிப் பக்கம் சாரல் எப்பவும் இருக்கும். அங்கே போய் அருவிக்கு நேர் முன்னாடி கார்ட்டன் பாலம் கட்டினா போட்டோ சூப்பரா வரும், பாலம் சூப்பரா போகும்!

ஆக, ஒரே ஏற்காட்டுக்குள்ளயே ஒரு வளைவு பாஸ், அடுத்த வளைவு ஃபெயில். ஊருக்கு ஏத்த இரும்பு இல்லீங்க... இடத்துக்கு ஏத்த இரும்பு.

கடுக்காய் மேட்டர்

பாலத்தின் மேல்பாதிக்கு வருவோம். மரம்.

இரும்பு மேல நேரா மரப்பலகையை வெச்சு போல்ட் முடுக்கினா வேலை முடிஞ்சுதுன்னு நினைப்போம். அங்கேதான் வில்லங்கம். அந்தக் காலத்தில் மை எப்படிச் செஞ்சாங்க? கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து. கடுக்காயில் இருக்கிறது துவர்ப்புச் சத்தான டானின். அன்னபேதி, இரும்பு உப்பு. ரெண்டும் சேர்ந்தா கருப்பு. பல மரங்களிலும் டானின் இருக்கு. நனைஞ்ச மரமும் இரும்பும் ஒட்டிக்கிட்டே இருந்தா பலகை முழுக்க மை கொட்டின மாதிரி கறை. அது அழகுப் பிரச்னை மட்டும்தான். நிஜப் பிரச்னை, ரெண்டுக்கும் நடுவில் தலைமுடி அளவு சந்தில் மாட்டிக்கிற தண்ணி. அது காயவே காயாது. இரும்பு மேலேயிருந்து அரிக்கும், மரம் கீழேயிருந்து மக்கும். ரெண்டு நல்லவங்களைச் சேர்த்து வெச்சு ரெண்டு பேரையும் கெடுக்கிற கல்யாணம்!

தீர்வு ரொம்பச் சின்னது. நடுவில் ஒரு ரப்பர் கட்டையோ ஸ்டெயின்லெஸ் துண்டோ வெச்சு மரத்தைத் தூக்கி நிறுத்தணும். பலகைக்கும் பலகைக்கும் விரல் நுழையாத அளவு, ஆனா சருகுத் தூளும் தண்ணியும் கீழே இறங்குற அளவு இடைவெளி. இரும்புச் சட்டத்தில் தண்ணி தேங்குற குழியே இருக்கக் கூடாது. சாய்வு வேணும், துளை வேணும். போல்ட்டும் அதே வெதரிங் வகையா இருக்கணும். துத்தநாகம் பூசின சாதாரண போல்ட் போட்டா, துத்தநாகம் தியாகியாகிச் சீக்கிரமே கரைஞ்சு போயிடும். மரத்தைப் பூச்சியிலிருந்து காப்பாத்தத் தாமிர மருந்து ஏத்துற பழக்கம் இருக்கு. அந்தத் தாமிரமும் பக்கத்து இரும்புக்கு எதிரி. ஸோ, மருந்தில்லாமலே தாக்குப் பிடிக்கிற மரம் வேணும்.

‘அதான் மலை முழுக்க சில்வர் ஓக் நிக்குதே, வெட்டிப் போடுவோம்’னு தோணும். வெட்டவெளி மழைக்கு அது தாங்காது. தேக்கு, வேங்கை மாதிரி வைரம் பாய்ஞ்ச மரம்தான் சரி. செங்கோட்டை தாண்டி புனலூர் போனா இதுக்கு ஒரு பழைய உதாரணம் பார்க்கலாம். கல்லடை ஆற்றின் மேல ஆல்பர்ட் ஹென்றிங்கிற இன்ஜினீயர் 1877-ல் முடிச்ச தொங்குபாலம். இரும்புச் சங்கிலியில் தொங்குற மரத்தளம். ஒரு காலத்தில் வண்டி போன பாலம், இப்போ நடக்கிறவங்களுக்கு மட்டும். தளத்துக்கு அந்தப் பக்கத்து மலையில் கிடைக்கிற கம்பகம் என்ற உறுதியான மரத்தைப் போட்டிருக்காங்க. சங்கிலி நின்னுக்கிட்டே இருக்கு, பலகையைத்தான் மாத்திக்கிட்டே இருக்காங்க. மரம் பாலத்தின் செருப்பு மாதிரி. தேயும், மாத்தணும். மாத்துற மாதிரியே டிசைன் பண்ணணும்.

சிங்கப்பூரில் நம்ம சொந்தக்காரங்க இருந்தா ‘ஹெண்டர்சன் வேவ்ஸ்’ பத்திக் கேளுங்க. 2008-ல் திறந்த நடைபாலம். 274 மீட்டர் நீளம், ரோட்டுக்கு மேல 36 மீட்டர் உயரத்தில், ரெண்டு மலைப் பூங்காவை இணைக்குது. இரும்பு விலா எலும்பு, அதுக்கு மேல அலை அலையா பலாவ் மரம். நம்மைவிட ஈரமான ஊர் அது. மழை நாட்டில் மரம் உதவாதுன்னு சொல்றவங்களுக்கு அதுவே பதில். ஆனா அங்கே பராமரிப்புக்குத் தனி ஆள், தனி பட்ஜெட் இருக்குங்கிறதையும் சேர்த்தே பார்க்கணும்.

இருபது வளைவும் ஒரு லாரியும்

பாலத்தைக் கம்ப்யூட்டரில் வரைஞ்சாச்சு. 25 மீட்டர் ஒத்தை உத்தரம். கம்பீரம்! அதை சேலத்திலிருந்து எப்படி மேலே கொண்டு போவீங்க? அந்த ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கு. பஸ்ஸே ஹாரன் அடிச்சு, எதிர் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத்தான் திரும்புது. ஸோ, உத்தரத்தைத் துண்டு துண்டா செஞ்சு, லாரியில் ஏத்தி, ஸ்பாட்டில் போல்ட் போட்டுச் சேர்க்கணும். தோட்டத்துக்குள்ள லாரியும் போகாத இடம்னா ஆள் சுமக்கிற எடைக்குத் துண்டு போடணும். மலைப் பாலத்தை டிசைன் பண்றது கால்குலேட்டர் இல்லை, ரோடுதான்!

சுவிட்சர்லாந்தில் யூர்க் கான்செட்னு ஒரு இன்ஜினீயர். வியாமாலா பள்ளத்தாக்கில் நடைபாதைக்கு ஒரு பாலம் கேட்டாங்க. ரோடே கிடையாது. ஹெலிகாப்டர் எவ்வளவு எடை தூக்குமோ அந்த எடைக்குள்ள மரமும் இரும்புக் கம்பியுமா ஒரு பாலம் செஞ்சு, 1996-ல் பறக்க விட்டே கொண்டு போய் வெச்சார். ‘டிராவெர்சினா’ன்னு பேரு. உலகப் புகழ். 1999-ல் மலைப்பாறை உருண்டு வந்து பாலத்தைத் துடைச்சு எடுத்துட்டுப் போயிடுச்சு. மனுஷன் அசரலை. பாறை விழாத இடம் தேடி, ரெண்டு கரையும் ஒரே உயரத்தில் இல்லாததால பாலத்தையே படிக்கட்டா மாத்தி, 2005-ல் ரெண்டாவது பாலத்தைத் தொங்க விட்டார். படிக்கட்டுத் தொங்குபாலம்! இடத்தோட சண்டை போடாம இடம் சொல்றதைக் கேட்டா இப்படி ஒரு டிசைன் கிடைக்கும்.

ஹெலிகாப்டருக்கு நாம எங்கே போறதுங்கறீங்களா? பக்கத்து மாநிலத்துக்குப் போவோம். கர்நாடகாவின் சுள்யா ஊர்க்காரர் கிரிஷ் பரத்வாஜ். மெக்கானிக்கல் இன்ஜினீயர், சிவில்கூட இல்லை! ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்ட கிராமத்துக்காரங்க வந்து கேட்டதால 1989-ல் அரம்பூரில் பயஸ்வினி ஆற்றின் மேல முதல் தொங்கு நடைபாலத்தைக் கட்டினார். அதுக்கப்புறம் கர்நாடகா, கேரளா, ஒடிசான்னு நூறுக்கும் மேல. 2017-ல் பத்மஸ்ரீ. அவர் பாலங்கள் பெரும்பாலும் மழைக்காலத்தில் துண்டிக்கப்படுற கிராமங்களுக்கு. நடைபாலம்னா டூரிஸ்ட் செல்ஃபிக்குன்னு நினைக்கிற நமக்கு இது ஒரு குட்டு. மலையில் ஓடை ரெண்டு அடி ஏறினா ஸ்கூல் பையனும், கூலிக்குப் போற அக்காவும், காப்பி மூட்டை தூக்குறவரும் சுத்திப் போகணும், இல்லைன்னா உயிரைப் பிடிச்சுக்கிட்டு இறங்கணும்.

மோர்பி

இந்தப் பாராவில் ஜோக் இல்லை.

குஜராத் மோர்பியில் மச்சு ஆற்றின் மேல பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொங்குபாலம் ஒண்ணு இருந்தது. பழுது பார்க்கிறோம்னு மாசக்கணக்கில் மூடி, 2022 அக்டோபர் 26-ல் திறந்தாங்க. நாலே நாள். அக்டோபர் 30 சாயங்காலம் அறுந்து விழுந்ததில் 135 பேர் இறந்து போனாங்க. சிறப்புப் புலனாய்வுக் குழு அறிக்கையில் ரெண்டு விஷயம் இருந்தது. ஒண்ணு, 49 கம்பிகளை முறுக்கிய முக்கியமான வடத்தில் 22 கம்பிகள் ஏற்கெனவே அரிச்சுப் போயிருந்தது. ரெண்டு, பழைய மரப்பலகைகளை எடுத்துட்டுப் புதுசா அலுமினியத் தளம் போட்டிருந்தாங்க. மேலே நடக்கிறவனுக்குப் புதுப் பாலம். கீழே தாங்குறது பழைய துரு.

துரு நல்லதுன்னு இவ்வளவு நேரம் எழுதிட்டு இதைச் சொல்லாம விட முடியாது. ஏன்னா, கார்ட்டன் பாலத்தில் இருக்கிற பெரிய ஆபத்தே இதுதான். பெயின்ட் அடிச்ச பாலத்தில் துரு தெரிஞ்சா எல்லாருக்கும் பதறும். மொத்தப் பாலமும் துரு நிறத்தில் இருந்தா, நல்ல துரு எது, கெட்ட துரு எதுன்னு யார் கண்டுபிடிக்கிறது?

கண்டுபிடிக்கலாம். நல்ல துரு நுணுக்கமா, இறுக்கமா, கையில் தடவினா லேசா பொடி மட்டும் ஒட்டும். கெட்ட துரு அப்பளம் மாதிரி ஏடு ஏடா உரியும். ஆய்வு செய்யறவங்க சுத்தியால தட்டிப் பார்ப்பாங்க, கம்பி பிரஷ்ஷால தேய்ப்பாங்க, ஒட்டுற டேப்பை ஒட்டிப் பிய்ச்சு அதில் எவ்வளவு பெரிய துணுக்கு வருதுன்னு பார்ப்பாங்க. லேப் எல்லாம் வேணாம், ஸ்டேஷனரி கடை டேப் போதும். ஆனா வருஷா வருஷம் ஒருத்தர் பாலத்துக்கு அடியில் குனிஞ்சு, சருகைக் கூட்டித் தள்ளி, மூட்டுகளைப் பார்க்கணும். எனக்கென்னவோ, ரிப்பன் வெட்டுற நாளுக்கு ஒதுக்குற காசில் கொஞ்சத்தை அந்த விளக்குமாற்றுக்கு ஒதுக்கினா தேவலைன்னு தோணுது.

கூட்டமும் கணக்கு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி சாதாரண இடத்தில் நடைபாதைக்கு சதுர மீட்டருக்கு 400 கிலோ. கூட்டம் சேர்ற ஊர், புண்ணியத் தலம், திருவிழா இடம்னா 500 கிலோ. அதாவது ஒரு சதுர மீட்டரில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடிச்சு நிக்கிற நிலை. ஏற்காட்டில் மே மாசக் கோடை விழா, மலர்க் கண்காட்சி கூட்டத்தைப் பார்த்தவங்க எந்த எண்ணை எடுக்கணும்னு யோசிக்கவே மாட்டாங்க. எடை தாங்கினா மட்டும் போதாது, ஆட்டமும் கவனிக்கணும். லண்டன் மில்லேனியம் பாலத்தை 2000 ஜூன் 10-ல் திறந்து, ரெண்டே நாளில் மூடினாங்க. எடை பிரச்னை இல்லை. கூட்டம் நடந்த நடையில் பாலம் பக்கவாட்டில் ஆட, ஆட்டத்துக்கு ஏத்த மாதிரி ஜனங்க காலை வைக்க, ஆட்டம் இன்னும் ஏற... அதிர்வைத் தாங்கும் கருவிகளைப் பொருத்தித் திரும்பத் திறக்க 2002 ஆயிடுச்சு.

ஃபைனல் இயர் பசங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட்!

இவ்வளவும் படிச்சுட்டு, ‘சரி, ஏற்காட்டில் இந்த ஓடைக்கு கார்ட்டன் ஓகேவா?’ன்னு கேட்டா, புத்தகத்தில் விடை கிடையாது. அந்த இடத்தையே கேட்கணும். கேட்கிற முறை ரொம்பப் பழசு. காரைக்குடி ‘செக்ரி’ ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் நிறுத்தி வெச்சு வருஷக்கணக்கில் ஆராய்ச்சி பண்ணியது இப்படித்தான். ‘மினி ப்ராஜெக்ட் ரெடிமேடா எங்கே கிடைக்கும்?’னு தேடி அலையுற மச்சிகளே, கவனிங்க.

15 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இரும்புத் தகடுகள் சில வாங்குங்க. பாதி சாதாரண மைல்டு ஸ்டீல், பாதி கார்ட்டன். நல்லா சுத்தம் பண்ணி, நம்பர் அடிச்சு, நூறில் ஒரு கிராம் வரை காட்டுற தராசில் எடை எடுத்துக் குறிச்சுக்கோங்க. மூணு இடம் தேர்ந்தெடுங்க. சேலத்தில் உங்க காலேஜ் மொட்டைமாடி, ஏற்காட்டில் வெயில் படுற ஒரு மேடு, காப்பித் தோட்ட நிழலில் ஓடைக்குப் பக்கம். எஸ்டேட்காரர்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கிடுங்க. தகடுகளை 45 டிகிரி சாய்ச்சு, தெற்குப் பார்த்து, இரும்புச் சட்டத்தில் தொடாத மாதிரி பிளாஸ்டிக் பிடியில் மாட்டுங்க. ஒரு தகட்டு மேல மட்டும் ஒரு மரத்துண்டை இறுக்கமாக் கட்டி வைங்க. பலகைக்கு அடியில் என்ன நடக்குதுன்னு அது சொல்லும்.

ஒரு வருஷம் கழிச்சுக் கழட்டி, லேபில் துருவை அமிலக் குளியலில் நீக்கிட்டு மறுபடி எடை போடுங்க. ஐ.எஸ்.ஓ. 9223-ன்படி சாதாரண இரும்பு முதல் வருஷத்தில் 25 மைக்ரான் வரை தேய்ஞ்சா அந்த இடம் ‘சி2’, அதாவது சாது. 25 முதல் 50 வரை ‘சி3’, நடுத்தரம். அதுக்கு மேல ‘சி4’, முரடு. உங்க தகட்டின் ரெண்டு பக்கமும் 25 மைக்ரான் தேய்ஞ்சா எடைக் குறைவு ஏறக்குறைய 6 கிராம்தான் வரும். அதனாலதான் காய்கறிக் கடைத் தராசு உதவாது. கார்ட்டன் தகட்டின் நிஜ முகம் முதல் வருஷத்தில் தெரியாது. படலம் இறுகவே ரெண்டு மூணு வருஷம் ஆகுமே. அதனால பாதித் தகடுகளைக் கழட்டாம ஜூனியர்களுக்கு விட்டுட்டுப் போங்க.

ஒரு விஷயம்... நாலாவது வருஷம் ஆரம்பிச்சா இந்த ப்ராஜெக்ட் முடியாது. மூணாவது வருஷம் ஜூனில், மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி தகடு மலையில் ஏறியிருக்கணும்.